நீ எடுத்த கதவும் நான் போட்ட தாழ்ப்பாளும்

சின்னவனே,

நான் நலம் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். அப்படி எழுதினால் இந்தக் கடிதம் முதல் வரியிலேயே பொய்யாகிவிடும். காய்ச்சல் இல்லை, கால் வீக்கம் வடிந்திருக்கிறது, அரிசி ஆலைக்குத் தவறாமல் போகிறேன். என் உடம்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. நாலாம் வகுப்போடு நின்றுபோன கை இது. கடையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, ஆலையிலிருந்து வந்ததும் ஒரு பக்கம், அரைப் பக்கம் என்று ஒன்பது நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து விட்டுப்போயிருந்தால் நீயே சேர்த்துப் படித்துக்கொள்.

பத்து நாளைக்கு முன்னால் நீ போனில் சொன்னாய், “யம்மா, படம் முடிஞ்சிடுச்சி. வர்ற மாசம் வெளியூர்ல ஒரு விழாவுக்கு அனுப்பறோம். அப்புறம் கை வைக்க முடியாது. எதுனா மாத்தணும்னா இப்பவே சொல்லிடு.” நான், “இன்னாத்தடா மாத்தறது, எல்லாம் நல்லாத்தான் இருக்குது” என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்தபிறகு உலை பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மாற்ற வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை என்னால் வாயால் சொல்ல முடியவில்லை. உன் அண்ணன் சூசை செத்து நாலு வருஷமாகவே முடியவில்லை. எழுத்தில் முடிகிறதா பார்க்கிறேன். நீ இதைத் தனியாகப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. உன்னோடு வேலை செய்த பிள்ளைகள் எல்லாரையும் உட்காரவைத்துச் சத்தமாகப் படி. அவர்கள் என் கையால் சாப்பிட்டவர்கள். யார் கையால் சாப்பிட்டோம் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

நீ அனுப்பிய படத்தை மூன்று தடவை பார்த்தேன். உப்பு டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். முதல் தடவை பாதியில் எங்கேயோ விரல் பட்டு நின்றுவிட்டது. அண்ணனாக நடித்த பழனியின் முகம் மட்டும் நின்றது. நான் கொடுத்த சூசையின் கோடு போட்ட சட்டையில், வாயைக் கொஞ்சம் திறந்து, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்க்கிற முகம். அதை மறுபடி ஓடவைக்க எனக்குத் தெரியும், நீ சொல்லிக் கொடுத்திருக்கிறாய். ஆனால் தொடவில்லை. போன் தானாக இருட்டாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டானதும் மறுபடி தொட்டேன், மறுபடி அதே முகம். அன்றைக்குப் படம் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தேன். இந்த வீட்டில் எனக்குத் துணை என்று சொன்னால் அன்றைக்கு அதுதான்.

படம் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னது பொய்யில்லை. சினிமாவில் திருடுகிற பிள்ளைகளைக் காட்டினால் பெரிய பெரிய காரும் சண்டையும் காட்டுவார்கள். நீ நம் பஸ் ஸ்டாண்டைக் காட்டியிருக்கிறாய். பஸ் நகரும்போது ஜன்னலோரம் போன் பேசுகிறவர் கையிலிருந்து போனைப் பறித்துக்கொண்டு மூன்று பையன்கள் ஓடுகிறார்கள். ஓடி முடித்து, மூச்சு வாங்க ஒரு பரோட்டாவை மூன்றாகப் பிய்த்துத் தின்கிறார்கள். அதில் பெரிய துண்டு யாருக்கு என்று சண்டை. சூசை அப்படித்தான் இருந்தான். கரும்பு வெட்டும் காலத்தில் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் லோடு ஏற்றப் போவான், தோளெல்லாம் கரும்புச் சோகை இலை அறுத்த கோடாக வருவான். வெட்டு இல்லாத நாளில் வேலை இல்லை. வேலை இல்லாத நாட்களில் அவன் யாரோடு சுற்றினான், என்ன செய்தான் என்பதை நீ அவன் வாயால் கேட்டதை வைத்து எடுத்திருக்கிறாய். அவன் உன்னிடம் சிரித்துச் சிரித்துச் சொல்வான். என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

நீ இங்கே வந்து படம் எடுத்த இருபத்திரண்டு நாளும் இந்த வீடு வீடாக இருந்தது. ஒன்பது பேர். வண்டி கிடையாது, நாற்காலி கிடையாது. நீயே விளக்கைத் தூக்கிப் பிடித்தாய், நீயே வசனம் சொன்னாய், மைக் பிடித்த பெண் பிள்ளை தூங்கிவிட்டால் அதையும் நீயே பிடித்தாய். ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு நான் சோறாக்கினேன். “யம்மா, உங்க ரசத்துக்காகவே இன்னொரு படம் எடுக்கலாம்” என்றான் கேமராக்காரப் பிள்ளை. வெள்ளிமலையில் எடுத்தபோது என்னையும் மேலே கூட்டிக்கொண்டு போனாய். கல்வராயன் மலையைத் தினமும் இங்கிருந்து பார்க்கிறேன், ஏறினது அதுதான் இரண்டாம் தடவை. பனிமூட்டமாக மஞ்சு இறங்கி எதிரில் நிற்கிறவன் முகம் தெரியவில்லை. பாறைமேல் பழனி உட்கார்ந்திருந்தான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிற பையன், அதற்கு முன்னால் கேமராவைக் கண்டதில்லை. என்னைக் கூப்பிட்டு, “யம்மா, உங்க பையன் குளுருல எப்புடி உக்காருவாரு? இப்புடியா, இப்புடியா?” என்று கேட்டான். நான், “குளுருன்னா அவன் உக்கார மாட்டாம்பா, குதிச்சிக்கினே இருப்பான்” என்றேன். அவன் உடனே எழுந்து குதித்தான். அதை நீ எடுத்துப் படத்தில் வைத்திருக்கிறாய். அந்தக் குதியலைத் தனியாக வெட்டி அனுப்ப முடியுமானால் அனுப்பு. படத்தை முடிக்கும்போது விபத்தைக் காட்டாமல் அவனை மஞ்சுக்குள் நடக்கவிட்டாயே, அதற்கு உனக்குக் கோடிப் புண்ணியம்.

நீங்கள் எல்லாரும் போன மறுநாள் நான் ஒன்பது தட்டையும் கழுவிக் கவிழ்த்தேன். அன்றைக்கு எனக்கு ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று கை மறந்துபோயிருந்தது.

இப்போது அந்தக் கதவைப் பற்றி எழுதுகிறேன்.

படத்தில் பையன் ஒரு சங்கிலியைக் கொண்டுவந்து அம்மா கையில் வைக்கிறான். அம்மா அதை வாசலில் வீசி எறிகிறாள். “இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காத” என்று அவனை வெளியே தள்ளி, கதவைச் சாத்துகிறாள். அவன் வெளியே நிற்கிறான். நீ கேமராவைத் தெருவில் வைத்து, மூடின கதவையும் அவன் முதுகையும் ரொம்ப நேரம் காட்டுகிறாய். என் வேஷம் போட விழுப்புரம் பக்கமிருந்து வந்த அந்த நாடகக்கார அம்மா தங்கமான மனுஷி. எடுப்பதற்கு முன்னால் என்னிடம் வந்து, “அக்கா, அன்னிக்கு நீங்க எப்புடி நின்னீங்க? அழுதீங்களா, அழுவலியா?” என்று கேட்டார். நான், “நின்னேன், அவ்ளோதான்” என்றேன். நீ விளக்குக்குப் பின்னாலிருந்து, “இப்புடித்தானம்மா நடந்துருக்கும்?” என்றாய். கையில் சாதக் கரண்டியோடு நான், “ஆமாம்பா, எடு” என்றேன். பதினோரு தடவை எடுத்தாய். பதினோரு தடவையும் அவர் கத்தினார். பதினோரு தடவையும் அது நான் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. பன்னிரண்டாவது தடவை எடுத்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஒன்பது பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நல்ல தாய் என்று.

நடந்தது இது. நீ சென்னையில் லைட்மேன் வேலைக்குச் சேர்ந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு உன்னால் வரமுடியவில்லை. முந்தின நாள் நான் கோயில் கழுவிவிடப் போய்விட்டுப் பொழுது சாய வந்தேன். அடுப்படியில் ஒரு சாக்கில் கறி இருந்தது. சூசை குளித்துத் தலைசீவி உட்கார்ந்திருந்தான். “யாரு குடுத்தது?” என்றேன். “கூட்டாளிங்க சேந்து அறுத்தோம், நம்ம பங்கு” என்றான். சாக்கின் வாய் ஒரு கயிற்றால் கட்டியிருந்தது. நீலச் சேலையைக் கிழித்துத் திரித்த கயிறு. அது எனக்குத் தெரிந்த கயிறு. கயிறு திரிக்க இரண்டு பேர் வேண்டும், ஒருத்தர் ஒரு முனையைப் பிடிக்கவேண்டும். அதன் ஒரு முனையைப் பிடித்தவள் நான். மறுமுனையில் இருந்தவள் பின்தெருக் கோவிந்தம்மா. அவள் ஆட்டைக் கட்டத்தான் திரித்தோம்.

உனக்கு அவளைத் தெரியும். புருஷன் போனபிறகு ஒரே ஒரு செவலை ஆட்டை வைத்துக்கொண்டு, ஏரிக்கரையில் மேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆட்டைத்தான் சூசையும் அவன் கூட்டாளியும் பைக்கில் இருவருக்கும் நடுவில் உட்காரவைத்து, குரங்குக் குல்லாய் மாட்டி, போர்வை போர்த்திக் கொண்டு போனார்கள். வழியில் ஒருத்தர், “கொயந்தைக்கு ஜொரமா?” என்று கேட்டாராம். இதை அவன் உனக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறான். நீயும் படத்தில் வைத்திருக்கிறாய், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். யாருடைய ஆடு என்று அவன் உனக்குச் சொல்லவில்லை. விடிகாலைப் பனியில் பிடிக்கும்போது அவனுக்கே தெரியாது. அறுத்த பிறகுதான் கயிற்றைக் கவனித்திருக்கிறான், நம் வாசலில் திரித்ததாயிற்றே, அடையாளம் தெரிந்துவிட்டது. அப்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை.

நான் என்ன செய்தேன் என்று கேள். அவனை அடிக்கவில்லை. கறியை எறியவில்லை. கயிற்றை அவிழ்த்து அடுப்பில் வைத்தேன். அது எரிந்து முடிவதற்குள் மிளகாய் அரைக்க உட்கார்ந்துவிட்டேன். உங்கள் அப்பா செத்த பிறகு நம் வீட்டுக் கிறிஸ்துமஸுக்குக் கறி வந்ததில்லை. முட்டைக் குழம்புதான். எனக்கு அந்தக் கறி வேண்டியிருந்தது. அதை இப்போதுதான் எழுத்தில் பார்க்கிறேன், எனக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் பூசை முடிந்து வந்து, ஒவ்வொரு வருஷமும் போல வீட்டுக்கு வீடு கொடுக்கத் தூக்குகளில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் கோவிந்தம்மா வந்து நின்றாள். தலை வாரவில்லை. “யக்கா, என் செவலையப் பாத்தியா? நேத்துலேர்ந்து காணோம். ஏரிக்கரை முச்சூடும் தேடிட்டன், சந்தைக்கும் போய்ப் பாத்தன்” என்றாள். “நான் எங்கடி பாத்தேன், கோயில் வேலையா இருந்தேன்” என்றேன். “எந்தக் கட்டையில போறவன் புடிச்சிக்கினு போனானோ. துன்னவன் வாயி புழுத்துப் போவ” என்று மண்ணை வாரித் தூற்றினாள். பிறகு பண்டிகை வீட்டு வாசலில் இப்படிச் செய்துவிட்டோமே என்று அவளே வெட்கப்பட்டு, “நீ ஒண்ணும் நெனச்சிக்காதக்கா” என்றாள். அவள் வீட்டுக்குத்தான் எப்போதும் முதல் தூக்கு போகும். அன்றைக்குக் கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பாள். கொடுத்தேன். அவள் அங்கேயே மூடியைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, “நல்லாருக்குதுக்கா, கறி எளசு” என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். சூசை அடுப்படி நிலையில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் பயம் இல்லை. என்னைப் புதிதாகப் பார்க்கிறதுபோல இருந்தது. திருடினது அவன். ஆனால் அதை இவ்வளவு சுலபமாக மறைக்கலாம் என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்தது நான்.

நம் பக்கம் யாரும் தூக்கைக் காலியாகத் திருப்பித் தரமாட்டார்கள். நாலு மொச்சைக்கொட்டையாவது போட்டுத்தான் தருவார்கள். கோவிந்தம்மா பொங்கல் வரை வைத்திருந்து, பொங்கலன்று மத்தியானம் அதே தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். சூசை படுத்திருந்தான். அவனை எழுப்பி, “தம்பி, எளச்சிப் போயிட்டியேடா. நல்லா துன்னு. உங்கம்மா குடுத்த கறிதான் எனக்குப் பண்டிகை” என்று சொல்லித் தூக்கை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

அவன் மூடியைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, “யம்மா, நான் போயி சொல்லிட்டு வந்துடறேன்” என்றான். “இன்னாத்த?” என்றேன், தெரிந்துகொண்டே. “ஆட்டத்தான். கால்ல வுழுந்துட்டு வந்துடறேன். அடிச்சா அடிக்கட்டும்.” சட்டையைக்கூடப் போட்டுக்கொண்டான். அந்தக் கோடு போட்ட சட்டைதான். நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். முதுகைக் கதவில் கொடுத்து நின்றேன். “நல்ல நாளும் அதுவுமா தெருவே கூடிடும்டா. அவ இன்னா உன்ன மட்டுமா கேப்பா? குயம்பு ஊத்திக் குடுத்தவ யாருன்னு கேப்பா. உந்தம்பி நாளைக்கி எப்புடி ஊருக்குள்ள வருவான்?” என்றேன். உன்னையும் இழுத்தேன், பார். “வுடும்மா” என்றான். “என் பொணத்தத் தாண்டிப் போ” என்றேன். அவன் நினைத்திருந்தால் என்னை ஒரு கையால் நகர்த்தியிருப்பான், கரும்புக் கட்டு தூக்கினவன். நகர்த்தவில்லை. பிறகு பொங்கலை என்னிடம் கொடுத்து, “அப்ப இத நீயே துன்னு” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

நான் தின்றேன் சின்னவனே. வீணாக்கக்கூடாது என்று தின்றேன்.

அதற்கு ஐந்தாம் நாள் விடிகாலையில் சங்கராபுரத்துக்கு அந்தப் பக்கம் வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கழுத்திலிருந்து சங்கிலியை அறுத்துக்கொண்டு பைக்கில் வரும்போது, பனியில் நின்றிருந்த கரும்பு டிராக்டரின் பின்னால் மோதினான். டிராக்டருக்குப் பின்விளக்கு இல்லை. யாரும் துரத்தவில்லை. நான் ஆலைக் களத்தில் நெல் தள்ளிக்கொண்டிருந்தேன், தள்ளுகட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மற்றதெல்லாம் உனக்குத் தெரியும், நீ வந்துவிட்டாய். அந்த அம்மா கழுத்தில் ஆறு தையல் என்று போலீஸ்காரர் சொன்னார். அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. கோவிந்தம்மா வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “எம் புள்ளையாட்டம் இருந்தானே” என்று அழுதாள்.

அவன் சங்கிலியை ஒரு நாளும் என் கையில் கொண்டுவந்து வைத்ததில்லை. நான் எறிந்ததும் இல்லை. நான் கதவைச் சாத்தினது நிஜம்தான், ஆனால் அவன் வெளியில் இல்லை, உள்ளே இருந்தான். நல்லது செய்ய வெளியே போகிறவனைத்தான் நான் உள்ளே வைத்துச் சாத்தினேன். நீ எனக்காக ஒரு நல்ல அம்மாவை எடுத்திருக்கிறாய். உன் மனசு எனக்குத் தெரிகிறது. ஆனால் மூன்றாம் தடவை பார்க்கும்போது ஒன்று தோன்றியது. என்னைச் சுத்தமாக்கிவிட்டதால் அவன்மேல் இருக்கிற அழுக்கு முழுக்க அவனுடையது ஆகிவிட்டது. படத்தில் அவன் தனியாக நிற்கிறான். நிஜத்தில் தனியாக இல்லை, அவன் பக்கத்தில் நான் இருந்தேன். செத்த பிள்ளையை இன்னொரு தடவை தனியாக விட எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ முதன்முதலில் படம் எடுத்துப் பழகின அந்த போன் சூசை கொடுத்தது. உறையும் இல்லை, சார்ஜரும் இல்லை. “கடையில செகண்ட்ஸ்ல வாங்கினேன்” என்றான். நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதைப் படத்தில் வைப்பதும் வைக்காததும் உன் பாடு. நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. கேட்காமல் இருப்பதை நீ என்னிடம்தான் கற்றிருப்பாய். இனிமேல் கேள். யாரிடமாவது கேட்க வாய் வராதபோது, இந்த அம்மாவை நினைத்துக்கொண்டு கேட்டுவிடு.

கோயில் சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை. “பொய் சொன்னேன் சாமி” என்று மட்டும் சொல்வேன். சின்னப் பொய் என்று நினைத்து அவர் மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொல்வார். நாலு வருஷமாகச் சொல்கிறேன். போன வாரம் கல்லறைத் திருநாளுக்கு சூசை கல்லறைக்கு வெள்ளையடிக்கப் போனேன். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஒருத்தர் புல் பிடுங்க, ஒருத்தர் மெழுகுவத்தி வைக்க, பிள்ளைகள் ஓடியாட. எனக்கு வாளியைப் பிடிக்கவும் ஆளில்லை. சிலுவையில் அவன் பெயருக்குக் கறுப்பு மை தீட்டும்போது மை வழிந்து வெள்ளையில் இறங்கிவிட்டது. துடைக்கத் துடைக்கப் பரவியது. அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன். வந்த வழியிலேயே முடிவு பண்ணினேன், இதை உனக்கு அனுப்புவதற்கு முன்னால் கோவிந்தம்மாவிடம் சொல்லவேண்டும் என்று.

முந்தாநாள் போனேன். வாரா வாரம் ஆலையிலிருந்து அவள் கோழிக்கு ஒரு தூக்கு நொய் கொண்டுபோய்க் கொடுப்பேன், அதோடு போனேன். கோவிந்தம்மா வாசலில் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து சொல்லிவிட்டேன். சாக்கு, கயிறு, குழம்பு, தாழ்ப்பாள், எல்லாம். அவள் கை நிற்கவே இல்லை. ஒரு கதிர் முடித்து, அடுத்த கதிரை எடுத்தாள். அதுவும் முடிந்தபிறகு கேட்டாள்:

“அது செனை. தெரியுமா உனக்கு?”

“தெரியாது.”

“நாலு மாசம். மொத செனை, அதான் கறி எளசா இருந்துருக்குது போல.”

அவள் இன்னொரு கதிரை எடுத்தாள்.

“ஒன் மவன் வந்து சொல்றேன்னானா?”

“சொன்னான். நான்தான் வுடல.”

“வந்துருந்தா ரெண்டு அறை வுட்டுருப்பேன்” என்றாள். வெறும் தண்டை ஓரமாகப் போட்டுவிட்டு, “அவ்ளோதான் பண்ணியிருப்பேன்” என்றாள்.

அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. அவள் என்னைத் தொடவில்லை. “இப்ப எதுக்கு சொல்ற?” என்றாள். உன் படத்தைப் பற்றிச் சொன்னேன், இதை அதில் வைக்கச் சொல்லப்போகிறேன் என்றேன்.

“நம்ம தெருவுலதான எடுத்தாங்க. நானும் வந்து பாத்தேன். ஆட்டுக்குக் குல்லா போட்டு நடுவுல உக்கார வச்சானுங்க. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்.” உதிர்த்த சோளத்தை முறத்தில் தள்ளினாள். “படத்துல ஆடு வெள்ளையா இருந்துது. என்து செவலை. நெத்தியில மட்டும் வெள்ளையா ஒரு பொட்டு இருக்கும். எடது காது நுனி கிழிஞ்சிருக்கும். மொதல்ல அத மாத்தச் சொல்லு ஒம் புள்ளைய.”

எழுந்து, நொய்யை இன்னொரு முறத்தில் கொட்டிக்கொண்டு, தூக்கை என்னிடம் நீட்டினாள். காலியாக. மூடியைத் தனியாகக் கையில் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் வீட்டிலிருந்து நான் காலித் தூக்கோடு வந்தது அதுதான் முதல் தடவை. தெருவில் நடக்கும்போது கம்பிப் பிடி கிறீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. வரும் கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுக்குத் தூக்கு அனுப்புவேனா, அவள் வாங்குவாளா, எனக்குத் தெரியாது. நேற்று வழியில் பார்த்தாள், பேசவில்லை. பேசாமல் போவதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது.

அதனால் நீ வா. எல்லாரையும் கூட்டிக்கொண்டு வரவேண்டாம். கேமராக்காரப் பிள்ளையும் பழனியும் வந்தால் போதும். செலவு என்று யோசிக்காதே, ஒரு நாள் வேலை. செவலை ஆடு ஒன்று கச்சிராயபாளையத்தில் பார்த்துவைத்திருக்கிறேன், நெற்றியில் பொட்டு இல்லை, சுண்ணாம்பால் வைத்துக்கொள்ளலாம். காதைக் கிழிக்க வேண்டாம், அது பாவம், நிழலில் வைத்து எடு. அந்த நாடகக்கார அம்மாவைத் தொந்தரவு பண்ணாதே. முகம் அவர் முகமாகவே இருக்கட்டும், மற்ற இடத்திலெல்லாம் அவர் நன்றாகச் செய்திருக்கிறார். இந்த ஒரு இடத்தில் மட்டும் கை தெரிந்தால் போதும். அந்தக் கையை நான் தருகிறேன். கதவு அதே கதவுதான், தாழ்ப்பாளும் அதேதான், கொஞ்சம் துரு ஏறியிருக்கிறது. எந்தப் பக்கம் அழுத்தித் தள்ளினால் விழும் என்று எனக்குத்தான் தெரியும்.

போன தடவை நீ கேமராவைத் தெருவில் வைத்தாய். இந்தத் தடவை உள்ளே வைத்து எடு. நான் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாழ்ப்பாள் போடுவேன். பழனி அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் தூக்கோடு, எனக்குப் பின்னால் நிற்கட்டும். “வுடும்மா” என்று அவன் ஒரு தடவை சொன்னால் போதும். இந்தத் தடவை பதினோரு தடவை எடுக்க வேண்டியிருக்காது.

உன் அம்மா